கிட் புரோகிராமில் கிளைகள்: எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது?

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வெப்சைட்டோ, சிறிய புரோகிராமோ, விழா மலரோ தயார் செய்திருந்தால், அதனை வைத்துள்ள இடத்தைத் திறந்து பாருங்கள். "பைனல்", "பைனல் 2", "புதிய பைனல்", "இதுதான் பைனல்" என்று நான்கைந்து போல்டர்கள் வரிசையாக இருக்கும். இவற்றில் எது உண்மையிலேயே கடைசியானது என்பது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், செய்தவருக்கே தெரியாது. இந்தக் குழப்பத்திற்குத் தீர்வாக வந்தவைதான் வெர்ஷன் கண்ட்ரோல் சிஸ்டம் என்னும் சாப்ட்வேர் தொகுப்புகள். பைல்களில் நாம் செய்திடும் மாற்றங்களை, செய்தவர் பெயர், நாள், நேரம், காரணம் ஆகியவற்றுடன் இவை பதிந்து வைக்கின்றன. தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இவற்றில் இன்று மிக அதிகமாகப் பயன்படுத்தப்படுவது கிட் என்னும் இலவச புரோகிராம்.

மாற்றங்களைப் பதியும் "கமிட்" என்ற செயலைப் பலரும் விரைவில் பழகிக் கொள்கின்றனர். ஆனால் "பிராஞ்ச்", அதாவது கிளை, என்று வரும்போது இரண்டு விதமாக நடக்கிறது. ஒரு சாரார் பயந்து கொண்டு அந்தப் பக்கமே போவதில்லை. இன்னொரு சாரார் எல்லாவற்றுக்கும் கிளை பிரித்து, பழைய "பைனல் 2" குழப்பத்தையே புதிய வடிவில் கொண்டு வந்து விடுகின்றனர். கிளையை உருவாக்குவது இரண்டு கிளிக் வேலைதான். எதற்காகப் பிரிக்கிறோம் என்று முடிவு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுடன் பார்க்கலாம்.

திருத்தணியில் ஒரு லாட்ஜ்

திருத்தணி மலையடிவாரத்தில் லாட்ஜ் நடத்தும் ஒருவருக்கு நீங்கள் வெப்சைட் தயாரித்துக் கொடுத்திருப்பதாக வைத்துக் கொள்வோம். முகப்புப் பக்கம், அறை வாடகைப் பக்கம், வரும் வழியைக் காட்டும் பக்கம் என மூன்று பக்கங்கள். இவை தமிழிலும் வேண்டும், தெலுங்கிலும் வேண்டும். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர் இது. எல்லையைத் தாண்டினால் நகரி. முருகனைக் காண வருவோரில் ஆந்திர மக்கள் ஏராளம்.

இரண்டு மொழி என்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம், பின்னர் படாஸ்கர் வகுத்துக் கொடுத்த தீர்வு, 1959ல் நிறைவேறிய சட்டம் எனப் பல படிகளைக் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்திற்கு வந்தது. ஈடாகச் சில பகுதிகள் ஆந்திராவிற்குச் சென்றன. எல்லைக் கோடு மாறினாலும் கடைத்தெருவில் இரண்டு மொழியும் அப்படியே இருக்கின்றன. எனவே லாட்ஜ்காரர் தெலுங்கிலும் பக்கம் கேட்பது அலங்காரத்திற்காக அல்ல, வியாபாரத்திற்காக.

இப்போது ஆடிக் கிருத்திகை வருகிறது. காவடி எடுத்து வருவோர், சரவணப் பொய்கையில் தெப்பம் பார்க்க வருவோர் என ஊர் நிரம்பும். அதற்காகச் சிறப்புப் பக்கம் ஒன்று தயாரிக்கச் சொல்கிறார் லாட்ஜ்காரர். விழாக்கால வாடகை, முன்பதிவு விதிகள், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் அதில் வர வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் இப்போதுள்ள வெப்சைட் எந்தக் குறையும் இல்லாமல் இயங்க வேண்டும். கிளை பிரிக்க இதுதான் சரியான சந்தர்ப்பம்.

கிளை என்றால் என்ன?

கிளை பிரித்தால் எல்லா பைல்களும் இன்னொரு முறை காப்பி ஆகி, ஹார்ட் டிஸ்க்கில் இடம் பிடிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். கிட் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஓர் அடையாளக் குறியீட்டை அது தருகிறது. ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட் எது என்பதை நினைவில் வைத்திருக்கும். கிளை என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியின் குறியீட்டை எழுதி வைத்திருக்கும் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைல். 40 எழுத்து, ஒரு வரி முடிவு, ஆக மொத்தம் 41 பைட். அவ்வளவுதான் ஒரு கிளையின் எடை. நீங்கள் புதிதாக கமிட் செய்திடும்போது, அந்த பைலில் உள்ள குறியீடு புதியதாக மாற்றப்படும். நீங்கள் இப்போது எந்தக் கிளையில் இருக்கிறீர்கள் என்பதை "ஹெட்" என்ற இன்னொரு சிறிய பைல் குறித்து வைத்துக் கொள்கிறது.

முந்தைய சாப்ட்வேர்களில் இது இத்தனை எளிதாக இல்லை. சி.வி.எஸ். புரோகிராமில் கிளை பிரித்தால், ஒவ்வொரு பைலிலும் தனித்தனியே அதற்கான குறிப்பு எழுதப்பட வேண்டும். பைல்கள் அதிகமானால் நேரமும் அதிகமாகும். 2004ல் முதல் முழுப் பதிப்பு கண்ட சப்வெர்ஷனில் கிளை பிரிப்பது விரைவாக முடிந்தது. ஆனால் கிளையை மீண்டும் இணைக்கும்போது, எதுவரை ஏற்கனவே இணைத்தோம் என்பதை நாமே தாளில் குறித்து வைக்க வேண்டியிருந்தது. 2008ல் வந்த 1.5 பதிப்பில்தான் அதனை சப்வெர்ஷன் தானே கவனிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் பழகியவர்கள் இன்றும் கிளை என்றாலே தயங்குவதற்கு இதுதான் காரணம்.

கிட் பிறந்தது 2005 ஏப்ரலில். லினக்ஸ் கெர்னல் குழுவினர் அதுவரை பிட்கீப்பர் என்னும் வர்த்தக சாப்ட்வேரை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். அந்த இலவச அனுமதி நின்று போனதால், லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் வேலை தொடங்கியது. சில நாட்களிலேயே கிட் புரோகிராமின் மாற்றங்கள் கிட்டிலேயே பதிவாகத் தொடங்கின. ஜூன் மாதம் வெளிவந்த 2.6.12 கெர்னல் கிட் மூலம் நிர்வகிக்கப்பட்டது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்து விட்டு டோர்வால்ட்ஸ் தம் பழைய வேலைக்குத் திரும்பினார். உலகின் பல மூலைகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மாற்றம் செய்யும் ஒரு திட்டத்திற்காக எழுதப்பட்டதால், பிரிப்பதும் சேர்ப்பதும் இதில் அடிப்படை வேலையாகவே வைக்கப்பட்டன.

கிளையை உருவாக்குதல்

கட்டளை டைப் செய்திடப் பிடிக்காதவர்களுக்கு கிட்ஹப் டெஸ்க்டாப் என்ற இலவச புரோகிராம் வசதியானது. கிட் இதனுடன் சேர்ந்தே வருவதால் தனியாக இன்ஸ்டால் செய்திட வேண்டியதில்லை. கிட்ஹப் தளத்தில் அக்கவுண்ட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தொடக்கத்தில் அந்தப் படியைத் தாண்டிச் சென்று, உங்கள் பெயரையும் இமெயில் முகவரியையும் மட்டும் தந்தால் போதும்.

வெப்சைட் பைல்கள் உள்ள போல்டரை இதில் ரெபாசிட்டரியாகச் சேர்த்து, முதல் கமிட் செய்து விடுங்கள். "மெயின்" என்ற பெயரில் ஒரு கிளை ஏற்கனவே இருக்கும். (பழைய ரெபாசிட்டரிகளில் இதன் பெயர் "மாஸ்டர்". 2020 அக்டோபர் முதல் கிட்ஹப் தளத்தில் புதிதாகத் தொடங்குபவற்றுக்கு "மெயின்" என்று பெயர் வருகிறது. வேலை ஒன்றுதான்.) மேலே பிராஞ்ச் மெனுவில் நியூ பிராஞ்ச் என்பதில் கிளிக் செய்திடவும், அல்லது கண்ட்ரோல் + ஷிப்ட் + என் அழுத்தவும். பெயர் கேட்கும் கட்டத்தில் "ஆடி-கிருத்திகை" என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடவும். பெயரில் இடைவெளி கூடாது. சிறு கோடு போடலாம். "புதியது", "டெஸ்ட்", "டெஸ்ட் 1" போன்ற பெயர்களைத் தவிர்க்கவும். பெயரைப் பார்த்தவுடன் வேலை என்ன என்று தெரிய வேண்டும்.

இப்போது நீங்கள் புதிய கிளையில் இருக்கிறீர்கள். விழாப் பக்கத்திற்கான பைலை உருவாக்கி, சேவ் செய்து, கமிட் செய்திடவும். பிறகு மேலே "கரண்ட் பிராஞ்ச்" பட்டனில் கிளிக் செய்து "மெயின்" கிளைக்கு மாறிப் பாருங்கள். போல்டரில் இருந்த விழாப் பக்கம் மறைந்து விடும்! முதல் முறை பார்ப்பவர்கள் பைல் அழிந்து விட்டதாகப் பதறுவது உண்டு. ஒன்றும் ஆகவில்லை. நாம் நிற்கும் கிளைக்கு ஏற்றபடி போல்டரில் உள்ள பைல்களை கிட் மாற்றி வைக்கிறது. மீண்டும் "ஆடி-கிருத்திகை"க்கு மாறினால் பைல் வந்து விடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. எடிட்டரில் பைலைத் திறந்து வைத்தபடியே கிளை மாறினால், திரையில் இருப்பது பழைய கிளையின் பைலாக இருக்கலாம். அதனை அப்படியே சேவ் செய்தால் வேறு கிளையில் போய் உட்கார்ந்து விடும். எனவே கிளை மாறும் முன் எடிட்டரில் பைல்களை மூடி விடுவது நல்ல பழக்கம்.

பாதி வேலையில், கமிட் செய்திடாமல் கிளை மாற முயன்றால், கிட்ஹப் டெஸ்க்டாப் ஒரு கேள்வி கேட்கும். மாற்றங்களை இந்தக் கிளையிலேயே விட்டுச் செல்லவா, அல்லது போகும் கிளைக்குக் கொண்டு செல்லவா என்பதே அது. பெரும்பாலான நேரங்களில் முதலாவதுதான் உங்களுக்குத் தேவையானது. யோசிக்காமல் ஓ.கே. தட்ட வேண்டாம்.

விழாவிற்கு முன் ஓர் அவசர மாற்றம்

ஒரு வாரம் கழிந்தது. விழாப் பக்கம் பாதியில் நிற்கிறது. லாட்ஜ்காரர் போன் செய்து, "நம்பர் மாறிப்போச்சு தம்பி, உடனே மாத்திடு" என்கிறார். கிளை இல்லாமல் ஒரே போல்டரில் வேலை செய்திருந்தால், அரைகுறை விழாப் பக்கத்தோடு சேர்த்துத்தான் வெப்சைட்டை ஏற்ற வேண்டியிருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை. "மெயின்" கிளைக்கு மாறி, போன் நம்பரைத் திருத்தி, கமிட் செய்து, அதனை ஏற்றி விடலாம். ஐந்து நிமிட வேலை.

பிறகு "ஆடி-கிருத்திகை" கிளைக்குத் திரும்பி, பிராஞ்ச் மெனுவில் அப்டேட் பிரம் மெயின் என்பதனைக் கிளிக் செய்திடவும். "மெயின்" கிளையில் செய்த திருத்தம் இங்கேயும் வந்து சேரும். இதனைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடக் கூடாது. "மெயின்" மாறும் ஒவ்வொரு முறையும் இப்படிச் சேர்த்துக் கொண்டால், இறுதியில் இணைக்கும்போது சிக்கல் குறைவாக இருக்கும். இரண்டு வாரக் கிளையை இணைக்கப் பத்து நிமிடம் என்றால், ஆறு மாதக் கிளையை இணைக்க ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டி வரலாம்.

விழாப் பக்கம் முடிந்து, லாட்ஜ்காரர் பார்த்துச் சம்மதித்ததும், "மெயின்" கிளைக்கு மாறி, மெர்ஜ் இன்டு கரண்ட் பிராஞ்ச் என்பதனைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் "ஆடி-கிருத்திகை"யைக் காட்டவும். எத்தனை கமிட்கள் இணைக்கப்படும் என்று காட்டும். உறுதி செய்தால் இணைந்து விடும். எந்தக் கிளையில் நின்று கொண்டு இணைக்கிறீர்கள் என்பது முக்கியம். நீங்கள் நிற்கும் கிளைதான் மாறும். மற்றது அப்படியே இருக்கும்.

இரண்டு கிளைகளிலும் ஒரே வரி மாறினால்?

"மெயின்" கிளையில் இரட்டைப் படுக்கை அறையின் வாடகையை 900 ரூபாயிலிருந்து 1,000 என மாற்றினீர்கள். விழாக் கிளையில் அதே வரியை உங்கள் நண்பர் 1,500 என மாற்றியிருக்கிறார். இணைக்கும்போது எது சரி என்று கிட் புரோகிராமுக்குத் தெரியாது. அது வேலையை நிறுத்தி, "கான்பிளிக்ட்" என அறிவிக்கும். அந்த பைலைத் திறந்தால் <<<<<<< என்ற குறிக்குக் கீழே நீங்கள் நிற்கும் கிளையின் வரியும், ======= குறிக்குக் கீழே மற்ற கிளையின் வரியும், முடிவில் >>>>>>> குறியும் இருக்கும். தேவையான வரியை வைத்துக் கொண்டு, மற்றதையும் மூன்று குறிகளையும் நீக்கி, சேவ் செய்து, கண்டினியூ மெர்ஜ் தட்டினால் போதும். குழப்பமாக இருந்தால் அபார்ட் மெர்ஜ் தட்டவும். இணைப்பதற்கு முன் இருந்த நிலைக்கே திரும்பி விடலாம். எந்த வாடகை சரி என்பதை லாட்ஜ்காரரிடம் கேட்டுத்தான் முடிவு செய்திட வேண்டும். "விழாக்கால வாடகை" என்று தனி வரியாக எழுதியிருந்தால் இந்த மோதலே வந்திருக்காது.

தமிழில் வேலை செய்பவர்களுக்குச் சில தனிக் குறிப்புகள் உண்டு. கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடுகிறது. நாம் ஒரு பத்தி முழுவதையும் என்டர் தட்டாமல் ஒரே வரியாக டைப் செய்யும் பழக்கம் உள்ளவர்கள். அப்படி இருந்தால் பத்தியில் ஒருவர் முதல் சொல்லையும், இன்னொருவர் கடைசிச் சொல்லையும் மாற்றினாலும் மோதல்தான். வெப் பக்கங்களில் வரி உடைப்பு திரையில் தெரியாது என்பதால், ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கலாம். மோதல்கள் வெகுவாகக் குறையும்.

அடுத்தது என்கோடிங். பழைய நோட்பேடில் "யூனிகோட்" என்று காட்டப்பட்ட வகையில் சேவ் செய்தால், அது யு.டி.எப்.-16 வகையாகப் பதிவாகும். அந்த பைலை டெக்ஸ்ட் என்றே கிட் ஏற்பதில்லை. படம், பாடல் போன்ற பைல் என எண்ணி வரிகளை ஒப்பிட மறுத்து விடும். எப்போதும் யு.டி.எப்.-8 என்பதனையே தேர்ந்தெடுங்கள். பேஜ்மேக்கர், வேர்ட் பைல்களுக்கும் இதே நிலைதான். இரண்டு கிளைகளில் மாறினால் ஒன்றை வைத்துக் கொண்டு மற்றதை விட வேண்டியதுதான். இரண்டையும் கலக்க முடியாது.

இன்னும் ஒன்று கண்ணுக்கே தெரியாது. யூனிகோடில் "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இரண்டு தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய டெக்ஸ்ட்டில் இரண்டாவது வகை வரக்கூடும். அப்போது யாரும் எதையும் மாற்றாத வரியை, மாறிவிட்டதாக கிட் காட்டும். இப்படி ஒரு வரியைப் பார்த்தால் கிட் மீது பழி போடாமல், டைப் செய்த கீபோர்ட் புரோகிராமையும் மாற்றிக் கொடுத்த கன்வர்ட்டரையும் சோதித்துப் பாருங்கள்.

கிட் சொல்லாத பிழை

மோதல் வந்தால் கிட் சொல்லி விடுகிறது. அதைவிட ஆபத்தானது, மோதலே இல்லாமல் வரும் பிழை. மேலே சொன்ன போன் நம்பரையே எடுத்துக் கொள்வோம். "மெயின்" கிளையில் முகப்புப் பக்கத்தில் நம்பரைத் திருத்தினீர்கள். விழாக் கிளையில் புதிதாக எழுதிய பக்கத்தில், திருத்தத்திற்கு முன்பே, பழைய நம்பரை டைப் செய்திருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு பைல்கள். எனவே எந்த எச்சரிக்கையும் இன்றி அழகாக இணைந்து விடும். முகப்பில் புதிய நம்பர். விழாப் பக்கத்தில் பழைய நம்பர். கிருத்திகைக்கு முதல் நாள் குழந்தைகளோடும் காவடியோடும் கிளம்பிய குடும்பம், விழாப் பக்கத்தைப் பார்த்து, இயங்காத நம்பரைத் திரும்பத் திரும்பச் சுழற்றிக் கொண்டிருக்கும்.

இதனை எந்த சாப்ட்வேரும் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது. இணைத்து முடித்தவுடன், உங்கள் எடிட்டரில் போல்டர் முழுவதிலும் பழைய நம்பரைத் தேடிப் பாருங்கள். பிறகு பிரவுசரில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை திறந்து படியுங்கள். இணைத்தது சரியா என்பது அதன் பிறகுதான் தெரியும்.

தமிழுக்கு ஒரு கிளை, தெலுங்கிற்கு ஒரு கிளை?

கிளையின் வசதியைப் பார்த்தவுடன் பலருக்கும் தோன்றும் எண்ணம் இது. "மெயின்" தமிழாக இருக்கட்டும். "தெலுங்கு" என்று ஒரு கிளை பிரித்து, அதே பைல்களில் தமிழ் வரிகளை நீக்கி, தெலுங்கு வரிகளை எழுதி விடலாம். பைல் பெயர்கள் ஒன்றே, அமைப்பும் ஒன்றே. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. செய்யாதீர்கள்.

ஏன் கூடாது? முதலில், அந்தக் கிளை என்றைக்கும் திரும்பி வராது. தெலுங்குக் கிளையை "மெயின்" கிளையோடு இணைத்தால், தமிழ் வரிகள் இருக்கும் இடத்தில் தெலுங்கு வந்து உட்காரும். எனவே இணைக்கவே முடியாது. இணைக்க முடியாத கிளை, பெயர் மாற்றிய "பைனல் 2" போல்டர்தான்.

அடுத்து, வாடகை மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தமிழில் மாற்றி கமிட் செய்கிறீர்கள். தெலுங்குக் கிளைக்குப் போய் அப்டேட் பிரம் மெயின் தட்டினால், அந்த வரி அங்கே ஏற்கனவே தெலுங்காக மாறியிருப்பதால் மோதல் வரும். தீர்த்து வைக்கிறீர்கள். அடுத்த மாதம் இன்னொரு வரி, மறுபடியும் மோதல். நான்காவது முறை சலிப்பு வந்து, "பிறகு பார்க்கலாம்" என்று விடுவீர்கள். அன்று முதல் தெலுங்குப் பக்கம் பழைய வாடகையைக் காட்டத் தொடங்கும். 900 ரூபாய் எனப் படித்து விட்டு நகரியிலிருந்து வருபவர், கவுண்டரில் 1,000 கேட்கும்போது, தமிழருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலையா என்றுதான் நினைப்பார். எல்லை ஊரில் இந்தச் சந்தேகம் சிறிய விஷயம் அல்ல. லாட்ஜ்காரர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் பெயர் கெட்டு விடும்.

மேலும், வெப்சைட்டை வெளியிடும் இடத்தில் வழக்கமாக ஒரு கிளைதான் போய்ச் சேரும். கிட்ஹப் பேஜஸ் வசதியில், கிளையிலிருந்து வெளியிடும் முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு ரெபாசிட்டரிக்கு ஒரு கிளையைத்தான் காட்ட முடியும். பார்ப்பவருக்கு இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்றால், இரண்டும் ஒரே கிளையில்தான் இருந்தாக வேண்டும்.

சரியான வழி எளிமையானது. ஒரே கிளையில் தமிழுக்கு ஒரு போல்டர், தெலுங்கிற்கு ஒரு போல்டர். வாடகை, போன் நம்பர், அறைகளின் எண்ணிக்கை போன்று மொழியைச் சாராத தகவல்களைத் தனியே ஒரு பைலில் வைத்து, இரண்டு மொழிப் பக்கங்களும் அதிலிருந்தே எடுத்துக் கொள்ளும்படி ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் எழுதி விடுங்கள். 900 என்பதனை அந்த ஓர் இடத்தில் 1,000 ஆக்கினால், இரண்டு மொழியிலும் மாறி விடும். முன்னே சொன்ன பழைய போன் நம்பர் பிரச்னையும் இதிலேயே தீர்ந்து விடும்.

விழாப் பக்கத்தையும் இரண்டு மொழியில் எழுத வேண்டும் அல்லவா? அதற்கும் இரண்டு கிளை வேண்டாம். "ஆடி-கிருத்திகை" என்ற ஒரே கிளையில் இரண்டு போல்டர்களிலும் எழுதி, இரண்டும் முடிந்த பிறகு ஒன்றாக இணைக்கவும். தமிழ் மட்டும் முன்னால் போய், தெலுங்கு பின்தங்கும் நிலை வராது.

மொழிக்குச் சொன்னது வாடிக்கையாளர்களுக்கும் பொருந்தும். கடைகளுக்கு பில் போடும் சிறிய புரோகிராம் எழுதித் தருபவர்கள், நகைக் கடைக்கு ஒரு கிளை, மளிகைக் கடைக்கு ஒரு கிளை எனப் பிரிப்பது உண்டு. ஐந்து கடை வந்ததும், வரிக் கணக்கில் ஒரு பிழையைத் திருத்த ஐந்து கிளைகளிலும் ஏறி இறங்க வேண்டும். கடைக்குக் கடை மாறுபவற்றை செட்டிங்ஸ் பைலில் வைத்து விட்டு, புரோகிராமை ஒன்றாகவே வைத்திருப்பதுதான் பிழைக்கும் வழி. நிரந்தரமாக வேறுபட்டிருக்க வேண்டியவை பைலிலும் போல்டரிலும் இருக்கட்டும். சில நாள் ஒதுங்கி நின்று திரும்பி வர வேண்டிய வேலைக்கு மட்டும் கிளை பிரியுங்கள்.

பெரிய திட்டங்களில்

அப்படியானால் நீண்ட நாள் வாழும் கிளைகளே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. கிட் புரோகிராமின் சொந்த ரெபாசிட்டரியிலேயே "மெயின்ட்", "மாஸ்டர்", "நெக்ஸ்ட்", "சீன்" என்று சில கிளைகள் தொடர்ந்து இருக்கின்றன. வெளியான பதிப்பின் பிழைத் திருத்தங்கள் முதலாவதில்; அடுத்த பதிப்பிற்குத் தயாரானவை இரண்டாவதில்; சோதனையில் ஊற வேண்டியவை மூன்றாவதில்; முன்மொழியப்பட்டு இன்னும் முடிவாகாதவை நான்காவதில். (இந்த நான்காவதன் பெயர் 2020 வரை "பியு".) ஒவ்வொரு புதிய வசதியும் தனக்கென ஒரு சிறு கிளையில் தொடங்கி, தேறினால் "நெக்ஸ்ட்", பிறகு "மாஸ்டர்" என்று மேலே வரும். ஒவ்வொரு மாற்றமும் ஏதோ ஓர் இடத்தை நோக்கி நகர்ந்து கொண்டே இருக்கும்.

லினக்ஸ் கெர்னலில் இதற்கு நாட்கணக்கே உண்டு. ஒரு பதிப்பு வெளியானதும் ஏறத்தாழ இரண்டு வாரம் புதிய வேலைகளை இணைக்கும் காலம். அதன் பின் கதவு மூடப்பட்டு, வாரம் ஒரு சோதனைப் பதிப்பாகப் பிழை திருத்தம் மட்டுமே நடக்கும். ஒன்பது அல்லது பத்து வாரத்தில் அடுத்த பதிப்பு. இரண்டு பேர் வேலை செய்யும் வெப்சைட்டிற்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. "மெயின்" ஒன்று, அவ்வப்போது ஒன்றிரண்டு வேலைக் கிளைகள். அது போதும்.

தமிழ்த் திட்டங்களில் கை வைத்துப் பழக விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. எழில் நிரல் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் மற்ற பங்களிப்பாளர்களும் உருவாக்கி வரும் ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் தொகுப்பு, கிட்ஹப் தளத்தில் அனைவருக்கும் திறந்திருக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது போன்ற வேலைகளைச் செய்வது இது. இது போன்ற திட்டத்தில் ஒரு பிழையைக் கண்டால், அதனை உங்கள் அக்கவுண்டிற்கு "போர்க்" செய்து, ஒரு கிளை பிரித்து, அந்தப் பிழையை மட்டும் திருத்தி, "புல் ரிக்வெஸ்ட்" அனுப்பலாம். ஒரு கிளையில் ஒரு திருத்தம் என்பதுதான் மரியாதை. ஐந்து மாற்றங்களை ஒரே கிளையில் கட்டி அனுப்பினால், அதில் ஒன்று பிடிக்காவிட்டாலும் ஐந்தும் காத்திருக்கும்.

வேலை முடிந்த கிளைகள்

விழா முடிந்த பின் சிறப்புப் பக்கத்திற்கான லிங்க்கை முகப்பிலிருந்து நீக்கி, "மெயின்" கிளையில் கமிட் செய்து விடுங்கள். பைல் அப்படியே இருக்கட்டும். அடுத்த ஆண்டு உதவும். ஆனால் "ஆடி-கிருத்திகை" கிளையை வைத்திருக்கத் தேவையில்லை. அதிலிருந்த கமிட்கள் அனைத்தும் "மெயின்" கிளையில் சேர்ந்து விட்டன. பிராஞ்ச் மெனுவில் டெலிட் கொடுக்கலாம். போவது 41 பைட்தான். இணைக்காத கிளையை மட்டும் நன்றாகப் பார்த்து விட்டு அழிக்கவும். தவறி அழித்தாலும் அதிலிருந்த கமிட்கள் உடனே மறைந்து விடுவதில்லை. "ரெப்லாக்" என்ற கட்டளையின் மூலம், சில வாரங்கள் வரை, அவற்றைத் தேடி எடுத்து மீண்டும் கிளையாக்க வாய்ப்பு உண்டு. அடுத்த ஆண்டு கிருத்திகைக்குப் பழைய கிளையைத் தூசு தட்டி எடுக்காமல், அன்றைய "மெயின்" கிளையிலிருந்து புதிதாகப் பிரித்துக் கொள்ளவும்.

கட்டளை முறையில் கிட் பயன்படுத்துவோர் தமிழில் பைல் பெயர் வைத்தால், பெயருக்குப் பதிலாக 340, 256 என்று சாய்கோடுகளுடன் எண்கள் வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பைல் கெட்டுப் போகவில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை கிட் அப்படித்தான் எண்களாகக் காட்டுகிறது. கான்பிக் கட்டளையில் "கோர்" பிரிவில் உள்ள "கோட்பாத்" என்ற அமைப்பை "பால்ஸ்" என மாற்றினால், தமிழ்ப் பெயர்கள் தமிழிலேயே தெரியும். தெலுங்குப் பெயர்களும்தான்.